அலுத்துப் போய்த் தூங்குது

நோணாங்குப்பத்தில் ஒரு காலத்தில், கைப்பிள்ளை மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுத்தான் யார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முடிவு செய்வார்கள். தொண்டையில் கர் கர் என்று கோழை உருண்டால் குளிப்பாட்டுகிற ஆயா. சாப்பிட்டதும் உமட்டி, மூச்சு முட்டி, எச்சில் வடித்தால் தொக்கம் எடுக்கிறவள். உடம்பு கொதித்து, நெஞ்சுக்கூடு ஏறி இறங்கி இரைந்தால் அது கணை. முதலில் உரை மருந்து, தணியாவிட்டால் மந்திரித்துப் பாடம் போடுகிறவர். தூக்கத்தில் குறட்டை விட்டால் மட்டும் எங்கும் போக வேண்டாம். அது நோவுக் கணக்கிலேயே வராது. "அலுத்துப் போய்த் தூங்குது, எழுப்பாதே" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போவார்கள்.

நான் இந்த ஊரில் பிறந்தவள். அரியாங்குப்பம் கொம்யூன் ஊர்களில் நர்சாக அலைந்து ஓய்வு பெற்றவள். சுண்ணாம்பாற்றில் படகு ஏற வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் கடலூர் சாலைப் பாலத்தை ஒட்டிய டிக்கெட் கவுன்ட்டர்தான். அதற்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் பிள்ளைகளுக்கு யார் எப்படி வைத்தியம் பார்த்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். இந்தக் குறட்டை ஏன் இத்தனை காலம் கணக்கில் வராமலே போனது என்பதுதான் எனக்கு வெகுநாளாக இருக்கும் கேள்வி.

முதலில் குளிப்பாட்டுகிற ஆயா. பெற்றவள் கையில் அந்த வேலையைக் கொடுக்கவே மாட்டார்கள். ஆயா வந்து மணையில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இரண்டு காலையும் சேர்த்து நீட்டுவாள். அந்தக் காலின் மேல்தான் பிள்ளை. தென்னைமட்டையும் பன்னாடையும் போட்டு எரித்த அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர். அவள் புறங்கையால் தொட்டுப் பார்த்து "ம்" என்றால்தான் சொம்பு தண்ணீரில் இறங்கும். எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, குப்புறப் போட்டு முதுகில் தண்ணீர் ஊற்றி, மறுபடி மல்லாக்கத் திருப்பி, மூக்குத் தண்டை இரண்டு விரலால் உருவிவிடுவாள். பிறகு வாயில் சுண்டுவிரலையோ ஆள்காட்டி விரலையோ விட்டு, அண்ணத்தைத் தடவி, தொண்டைக் கோழையை வழித்து வெளியே எடுத்துப் பெற்றவளிடம் காட்டுவாள். பிள்ளை வீறிட்டு அழும். அழுதால் சளி இளகும் என்பது அவள் கட்சி. கடைசியாக மூக்கில் வாயை வைத்து ஊதி, இரண்டு துவாரத்திலும் எண்ணெய் சொட்டு விட்டு, தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டித் தூளியில் போட்டால் பிள்ளை அடித்துப் போட்ட மாதிரி தூங்கும்.

அந்தக் கையின் லாகவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பயந்து பயந்து பிள்ளையைத் தூக்கும் புதுத் தாய்க்கு அவளைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் அந்த எண்ணெய்ச் சொட்டு பொல்லாதது. தண்ணீர் புரையேறினால் பிள்ளை இருமும். எண்ணெய் இருமலைக் கிளப்பாமல் வழுக்கிக்கொண்டு நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அங்கே தங்கி, புண்ணாக்கி, மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு வகை நிமோனியாவாக மாறும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது எவ்வளவு காணப்படுகிறது என்று 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதற்குப் பிறகு நான் வேலைக்குச் சேர்ந்து, வீடு வீடாகப் போய் "மூக்குல மட்டும் எண்ணெய் விடாதீங்க ஆயா" என்று கெஞ்சியிருக்கிறேன். "உங்க அம்மா மூக்குல விட்டு வளர்த்த கை இது" என்று பதில் வரும். உண்மைதான். வாயை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிறந்த சில மாதங்களுக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். துவாரமோ மிளகளவு. அதில் துளி சளி ஒட்டினாலும் வீடு முழுக்கக் கேட்கும்படி சத்தம் வரும். சில பிள்ளைகளுக்குக் குரல்வளையின் மேல்பகுதி தொளதொளவென்று இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது அது மடங்கி ஒரு கீச்சொலி எழும். மல்லாக்கப் போட்டால் சத்தம் அதிகம், குப்புறக் கிடத்தினால் குறைவு. பிறந்து சில வாரங்களில் தொடங்கி, ஆறேழு மாதத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை இரண்டு வயதுக்குள் தன்னால் அடங்கிவிடும். அதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு தாயத்து, இரண்டு தொக்கம், ஒரு வேண்டுதல், ஒரு மொட்டை எல்லாம் ஆகியிருக்கும். கடைசியாகக் கை வைத்தவருக்குப் பெயர் கிடைக்கும். எங்கள் பக்கத்து வைத்தியர்கள் பாதிப் பேர் இப்படித்தான் கைராசிக்காரர்கள் ஆனார்கள். இப்போதைய டாக்டர்களிலும் சிலர் அப்படித்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

தொக்கம் எடுப்பதை ஒரு முறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விளக்கெண்ணெய் தடவி வயிற்றைக் கீழிருந்து மேலாக நீவி, நெஞ்சை நீவி, கழுத்துக்கு வருவாள். பிறகு ஒரு சின்னக் குழலைப் பிள்ளையின் தொண்டைக்குழிக்கு நேராக வைத்து உறிஞ்சுவாள். காறித் துப்பினால் உள்ளங்கையில் ஒரு சோற்றுப் பருக்கை, அல்லது முறுக்குத் துண்டு, அல்லது ஒரு சுருள் முடி. "பாத்தியா, எத்தினி நாளா கெடந்துது!" என்பாள். எனக்குப் பார்க்கக் கிடைத்த முறுக்குத் துண்டு மொறுமொறுப்பாகவே இருந்தது. ஆனால் பிள்ளை அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவ்வளவு நேரம் நீவிவிட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது? நிஜமாகவே கடலைப்பருப்பு மூச்சுக்குழாயில் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களையும் முதலில் இந்தத் திண்ணைக்குத்தான் கொண்டு வந்தார்கள். அங்கே கழிந்த நேரம்தான் ஆபத்து.

உரை மருந்து வீட்டுச் சமாச்சாரம். வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய். வசம்பை விளக்கில் சுட்டுக்கொள்வார்கள். உரைகல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று எண்ணி உரைத்து, வழித்து, பாலாடையில் கரைத்துப் புகட்டுவார்கள். எத்தனை சுற்று என்பதில்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. பொழுது சாய்ந்தால் வசம்பின் பேரைச் சொல்லக் கூடாது. 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்கு ஒரு பேர். அமெரிக்க அரசு 1968-இல் அதை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்தது; அதில் உள்ள ஓர் எண்ணெய்ச் சத்து எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியதாம். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, வந்திருந்தாலும் எடுபட்டிருக்காது.

கணை, மாந்தம், தோஷம் என்று பிள்ளை நோய்களுக்குச் சித்த வைத்தியத்தில் தனி நூல்களே உண்டு. பாலவாகடம் என்று அவற்றுக்குப் பேர். சுரக்கணை, மாந்தக்கணை என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறி, குணம், கஷாயம் என்று போகும். அந்த வைத்தியர்கள் மூச்சைக் கூர்ந்து கேட்டவர்கள்தான். படிக்காத வீடுகளுக்கு அதில் வந்து சேர்ந்தது பெயர்கள் மட்டும். நடு நெஞ்சு குழி விழுந்து இழுக்கும் பிள்ளையைப் பார்த்து 'பட்சி தோஷம்' என்பார்கள். அந்திக்கு மேல் பறவையின் நிழல் பட்டுவிட்டதாம். அதனால்தான் பிள்ளைத் துணியைப் பொழுது சாய்வதற்குள் கொடியிலிருந்து எடுத்துவிடச் சொல்வார்கள். அதுவரை பரவாயில்லை. விரலி மஞ்சளைச் சுட்டு வயிற்றிலும் நெஞ்சிலும் சூடு வைத்தார்களே, அதை மட்டும் எந்த நியாயம் சொல்லியும் ஏற்க என்னால் முடியாது. அந்தத் தழும்போடு ஐம்பது வயதுக்காரர்கள் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

இருமி இருமி, முகம் கறுத்து, கடைசியில் கூவிக்கொண்டு மூச்சை இழுத்தால் அது கக்குவான். அதற்குக் கழுதைப் பால். தாய்க் கழுதையும் குட்டியுமாக ஓட்டிக்கொண்டு தெருவில் கூவிக்கொண்டே வருவான். வாசலிலேயே நிறுத்தி, குட்டியை ஒரு நிமிஷம் விட்டுப் பிடித்து, ஒரு சங்கு கறந்து, சூடு ஆறுவதற்குள் பிள்ளை வாயில் ஊற்றச் சொல்லுவான். இதைப் பார்த்து நாட்டுப்புறத்துப் பழக்கம் என்று சிரிக்கும் பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு சேதி. 1880-களில் பாரிசில், ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரியில், பாரோ என்ற டாக்டர் லாயமே கட்டி, நோய்ப்பட்ட கைக்குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக் கழுதை மடியிலேயே நேராகப் பால் குடிக்க வைத்தார். பிறவியிலேயே மேகநோய் தொற்றிய பிள்ளைகளுக்குச் செவிலித்தாய் கிடைக்காத காலம் அது. புதுச்சேரியை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர்களின் தலைநகரத்தில் நடந்தது இது. எங்கள் கழுதைக்காரனுக்கு பாரிஸ் தெரியாது. ஆனால் அவன் பட்டியலில் கக்குவான், இழுப்பு, திக்குவாய், மாலைக்கண் எல்லாம் இருந்தன. குறட்டை இல்லை. போன மழைக்காலத்தில் வந்தவன் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறான். குறட்டையும் நோவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லத் தொடங்கிவிட்ட விஷயம் அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது.

இந்தச் சத்தங்களையெல்லாம் ஏன் அவ்வளவு கவனித்தார்கள் என்றால், அவை கொன்றன. என் அப்பாவுக்கு மூத்தவள் ஒருத்தி தொண்டை அடைப்பானில் போனவள். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து, மூச்சு விசில் அடிப்பது போல வந்ததாம். மாட்டு வண்டியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது என்று என் ஆயா சொல்லுவாள்.

தொண்டை அடைப்பானுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பழைய பகை. அதைத் தனி நோயாகப் பிரித்தறிந்து 1826-இல் புத்தகம் எழுதியவர் தூர் நகரத்து டாக்டர் பிரெத்தோனோ. அதற்கு முந்தின வருஷம், மூச்சடைத்துச் சாகக் கிடந்த ஒரு சிறுமியின் கழுத்தில் துளை போட்டுக் குழாய் சொருகிப் பிழைக்க வைத்தவரும் அவர்தான். 1894-இல் பாஸ்டர் நிலையத்தின் எமில் ரூ, குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை பாரிஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்தார்; பாதிப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த வார்டில் சாவு கால்வாசியாகக் குறைந்தது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, அதே கொடி பறந்த மண்ணில், என் அத்தை மாட்டு வண்டியில் போனாள். இந்தியாவில் தொண்டை அடைப்பான், கக்குவான், வில்வாத ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து முத்தடுப்பு ஊசியை நாடு முழுக்கப் போடும் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது. நான் அந்த ஊசியை எத்தனை தொடையில் குத்தியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. கக்குவான் இருமலின் அந்தக் கூவல் எப்படி இருக்கும் என்று இன்றைய இளம் தாய்களுக்கு நடித்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

புதுச்சேரிக்கு ஆஸ்பத்திரியோ டாக்டரோ புதிதல்ல. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய வைத்தியப் பள்ளியைத்தான் ஜிப்மர் தன் தாய்வேர் என்று சொல்லிக்கொள்கிறது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியபின், 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964-இல் கோரிமேட்டுக்குப் போய் நேருவின் பெயரைத் தாங்கியது. எங்கள் ஊரிலிருந்து கோரிமேடு என்றால் பட்டணத்தின் அந்தக் கோடி. பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. விடியற்காலையில் கிளம்பினால்தான் சீட்டு எடுக்க முடியும். குறட்டைக்கு யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

தொண்டைக்காகப் போனார்கள். உள்நாக்கு விழுந்துவிட்டது என்று உச்சி மயிரைப் பிடித்துச் சுண்டி இழுத்தும், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டும் சரியாகாதவர்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டையில் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தார்கள். குச்சியில் பஞ்சைச் சுற்றி, பழுப்பு நிற மருந்தைத் தோய்த்து, உள்ளே தடவுவார்கள். அயோடினும் கிளிசரினும் புதினா வாசனையுமாக இனிக்கும், குமட்டும். அந்த மருந்துக்குப் பெயர் கொடுத்த லூயி மாண்டல் 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் தொண்டை வைத்தியம் பார்த்தவர். எங்கள் தெருவில் முதல் டான்சில் ஆபரேஷன் செய்துகொண்டவன் ஒரு சொல்தா வீட்டுப் பையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய தாத்தா, ஆபரேஷன் முடிந்ததும் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததைத் தெருவே பேசியது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று தொண்டை வலிக்க ஆரம்பித்தது. அந்தப் பையன் ராத்திரியில் போட்ட குறட்டையும் அதோடு நின்றுபோனது. ஆனால் அவனைக் கொண்டுபோனது அடிக்கடி வந்த காய்ச்சலுக்காக. குறட்டை நின்றது உபரி லாபம்.

இதில் எங்கள் ஊரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மருத்துவ உலகமே குறட்டையை ஒரு தடவை கண்டுபிடித்து, தொலைத்து, மறுபடி கண்டுபிடித்திருக்கிறது. 1868-இல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர், மூக்கடைத்து, காது மந்தமாகி, மழுங்கிய குரலில் பேசிய ஓர் இளம்பெண்ணின் வாய்க்குள் விரலை விட்டு, அண்ணத்துக்குப் பின்னால் மேலே தடவிப் பார்த்தார். மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் பொதபொதவென்று ஒரு சதை. அதைத்தான் இப்போது அடினாய்டு என்கிறோம். எங்கள் பக்கம் 'மூக்குச் சதை'. அதை எடுத்ததும் மூச்சு திறந்துகொண்டது. அவர் இறந்தபின் 1898-இல் அந்த ஊரில் சிலை வைத்தார்கள். எங்கள் ஆயாக்களும் அதே வாயில் அதே விரலைத்தான் விட்டார்கள். அவர்கள் கோழையைத் தேடினார்கள். விரலை இன்னும் அரை அங்குலம் மேலே வளைத்திருந்தால் சதை தட்டுப்பட்டிருக்கும்.

1889-இல் லண்டனில் வில்லியம் ஹில் என்பவர், பள்ளியில் மந்தமாக இருக்கும் சில பிள்ளைகளின் மந்தத்துக்குக் காரணம் இந்த மூக்கடைப்பும் கெட்ட தூக்கமும்தான் என்று எழுதினார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்கார நாடுகளில் கத்தியைத் தூக்கியவர்கள் கீழே வைக்கவே இல்லை. 1906-இல் நியூயார்க்கின் ஏழைப் பகுதியில் பள்ளிக்கூடத்திலேயே வைத்து அடினாய்டை எடுத்தார்கள். டாக்டர்கள் பிள்ளைகளின் தொண்டையை அறுக்கிறார்கள் என்று வதந்தி பரவி, யூதத் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் பள்ளிகளை முற்றுகையிட்டுக் கல் எறிந்தார்கள். 1934-இல் அதே ஊரில் ஒரு வேடிக்கையான கணக்கெடுப்பு. 11 வயதுப் பிள்ளைகள் 1000 பேரில் 61 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டான்சில் போயிருந்தது. மீதிப் பேரை டாக்டர்களிடம் காட்டினால், அதில் 45 சதவீதம் பேருக்கு எடு என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்டவர்களை வேறு டாக்டர்களிடம் காட்டினால், அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எடு என்றார்கள். மூன்றாவது சுற்றும் அப்படியே. கடைசியில் யாருடைய கத்தியும் கேட்காமல் மீந்தவர்கள் 65 பேர்! தொக்கக்காரியின் முறுக்குத் துண்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் ஒரு தடவை படிக்கலாம்.

பிறகு ஆன்டிபயாட்டிக் வந்தது, ஆபரேஷன் மோகம் அடங்கியது, நல்லதுதான். அதோடு குறட்டையையும் மறந்தார்கள். 1976-இல்தான், மார்செயில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வேலை பார்த்த கிறிஸ்தியான் கியோமினோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 8 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 5 முதல் 14 வயது வரை உள்ளவர்கள். குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, பெரிய பிள்ளையாகியும் படுக்கையை நனைப்பது, பள்ளியில் தூங்கி வழிவது, படிப்பில் பின்தங்குவது, சிலருக்கு ரத்தக்கொதிப்பு. விழித்திருக்கும்போது தொண்டைச் சதைகள் இழுத்துப் பிடித்து வழியைத் திறந்து வைக்கும். தூங்கினால் அவை தளரும். மேலே அடினாய்டும் பக்கத்தில் டான்சிலும் பருத்திருந்தால் வழி அடைபடும். பிள்ளை மூச்சுக்குப் போராடி, அரைகுறையாக விழித்து, மறுபடி தூங்கும். இது ராத்திரி முழுக்க நடக்கும். அலுத்துப் போய்த் தூங்குகிறது என்று நாம் நினைத்த பிள்ளை, தூங்க முடியாமல்தான் அலுத்துப் போயிருக்கிறது.

இந்த விஷயம் எங்கள் கைக்கு வருவதற்கு இன்னும் பல வருஷம் ஆனது. 1992-இல் தாய் சேய் நலத் திட்டம் வந்தபோது, நிமோனியாவில் பிள்ளைகள் சாவதைத் தடுக்க எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சட்டையைத் தூக்கி, வயிற்றைப் பார்த்து, விநாடி முள் உள்ள கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை. கைப்பிள்ளையானால், அல்லது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், நேரே ஆஸ்பத்திரி. அருமையான முறை. கர் கர் என்று ஊரைக் கூட்டும் பிள்ளை 35 எண்ணிக்கையில் சும்மா சிரித்துக்கொண்டிருக்கும். சத்தமே இல்லாமல் 64 ஓடும் பிள்ளைதான் சாகப் போகிறது. சத்தத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடி என்று எங்கள் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பயிற்சி. அதனால் பிழைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அது பகல் வேலை. நாங்கள் போவது காலை பத்து மணிக்கு. அட்டவணையில் இழுப்புக்கு இடம் இருந்தது, அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு மூச்சை இழுக்கும்போது வரும் கீச்சொலிக்கு இடம் இருந்தது. ராத்திரிக் குறட்டைக்குக் கட்டமே கிடையாது. ஆயாக்களின் பட்டியலில் இல்லாதது அரசாங்கத்தின் பட்டியலிலும் இல்லை.

இப்போது அதைக் கொண்டுவந்து சேர்த்தது செல்போன்தான். "தூங்கும்போது வீடியோ எடுத்துக்கிட்டு வாங்க" என்கிறார்கள் டாக்டர்கள். எங்கள் எதிர்வீட்டு மருமகள் அப்படி எடுத்ததை எனக்கும் காட்டினாள். ஐந்து வயதுப் பையன். தலையணை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தலையைப் பின்னுக்கு வளைத்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். நல்ல சுழல்விசிறிக் காற்றிலும் நெற்றி முழுக்க வியர்வை. குறட்டை நாலு தடவை ஏறி இறங்குகிறது. பிறகு சத்தம் இல்லை. ஆனால் நெஞ்சும் வயிறும் எதிரெதிராக அசைந்துகொண்டே இருக்கின்றன. அப்புறம் ஒரு விக்கல் மாதிரி இழுப்பு, உடம்பைத் தூக்கிப் போடுகிறான், மறுபடி குறட்டை. மூலையில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருந்ததும் வீடியோவில் தெரிந்தது. முதலில் அதை அணைக்கச் சொன்னேன்.

அவளிடம் சிலதைக் கேட்டேன். வாரத்தில் எத்தனை ராத்திரி? எல்லா ராத்திரியும். சளி இல்லாத நாளிலும்? ஆமாம். படுக்கையில் மூத்திரம்? இப்போது மறுபடி போகிறான். பள்ளிக்கூடத்தில்? துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்பதில்லை என்று டீச்சர் புகார். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் தூங்கி வழிவார்கள்; பிள்ளைகள் பல சமயம் தலைகீழாக ஆட்டம் போடுவார்கள். அதனால்தான் இது பிடிபடுவதில்லை. சளிக்காலத்தில் நாலு நாள் குறட்டை விடுவது வேறு. எப்போதும் விடுவது வேறு. பத்துப் பிள்ளைகளில் ஒன்று வழக்கமாகக் குறட்டை விடும் என்பார்கள்; மூச்சே தடைபடுவது நூற்றில் சில பேருக்குத்தான். இவன் அந்தச் சில பேரில் ஒருவன் மாதிரித் தெரிந்தது. காட்டிவிட்டு வா என்றேன்.

போய் வந்தாள். பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே; சதை வழியை முக்கால்வாசி அடைத்திருக்கிறது. உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்திருந்தாள். மூக்கில் அடிக்க ஸ்ப்ரே கொடுத்து, ஒழுங்காக அடித்துவிட்டு வா, பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். இதற்கும் காரணம் உண்டு. அந்தச் சதை மூன்று முதல் ஆறேழு வயது வரைதான் மும்முரமாக வளரும். பிறகு சுருங்கத் தொடங்கி, வாலிப வயதில் பெரும்பாலும் இருந்த இடம் தெரியாது. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய சோதனை செய்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்க மூச்சு சீரானது. ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் சீரானது. நடத்தையும் தூக்கமும் ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தெளிவாக நன்றாக இருந்தன. கவனத்தைச் சோதித்த தேர்வில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எங்கள் ஆயாக்கள் "பெரிசானா சரியாப்பூடும்" என்று சொன்னது வெறும் அலட்சியம் இல்லை. அவர்கள் பார்த்த பிள்ளைகளில் நிறையப் பேருக்குச் சரியாகத்தான் போனது. சரியாவதற்குள் பள்ளிக்கூடத்தில் மூன்று நான்கு வருஷம் கழிந்துவிடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்போது யாரும் பள்ளிக்கூடத்தோடு தூக்கத்தை முடிச்சுப் போடவில்லை.

மருமகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"ரெண்டு பஸ் ஏறிப் போயி, நான் சொன்னதையேதான் கேட்டுகினு வந்திருக்கா. கொஞ்ச நாள் பாக்கலாம்னு நானுந்தான சொன்னேன்?"

"நீங்க பாக்கலாம்னுதான் சொன்னீங்க அக்கா. அவரு எப்ப வந்து காட்டணும்னு தேதி போட்டுக் குடுத்திருக்காரு" என்றேன்.

சீட்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, அது என்ன கிழமை என்று கேட்டாள். புதன்கிழமை.

"புதனா? அப்ப தவற விடாத, நானும் வரேன்" என்றாள்.